தம்பியை எழுப்பி உட்காரவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வேலூர் பாகாயத்தில் இருக்கும் சிஸ்டர்களுக்கும், பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) படிக்கும் பிள்ளைகளுக்கும், பட்டறையில் தோலும் இரும்பும் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கும், உங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் உங்களிடம் வந்து சேர்ந்த பையனுடைய அக்காள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்தில் அவனோடு நானும் தங்கியிருந்தேன். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவருக்கு அப்போதே குடும்பமாகப் போய்க் கைகூப்பிவிட்டு வந்தோம். அவர் பெயர் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்கள் பெயர்களை யாரும் கேட்பதில்லை. நீங்கள் செய்தது என்னவென்று நாலு பேர் அறியட்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் சிஸ்டர்களுக்கு. தம்பி உங்களிடம் வந்தபோது முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. முன்பு இருந்த இடத்தில் அவனை மல்லாக்கவே போட்டு வைத்திருந்தார்கள். உணர்வு இல்லாத உடம்பில் ஒரே இடத்தில் எடை அழுந்திக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு இரத்தம் போகாது, சில மணி நேரத்திலேயே தோல் சாக ஆரம்பித்துவிடும், வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது என்று எங்களுக்கு முதன்முதலாகச் சொன்னது நீங்கள்தான். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைத்தீர்கள். அதோடு விடாமல் என்னையும் கூப்பிட்டு, எங்கே தலையணை வைக்க வேண்டும், குதிகால் எப்படிப் படுக்கையில் படாமல் இருக்க வேண்டும் என்று என் கையாலேயே செய்யவைத்தீர்கள். நான் சரியாகச் செய்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போனீர்கள். பிறகு அவனிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, தன் முதுகையும் புட்டத்தையும் தினமும் தானே பார்த்துக்கொள்ளப் பழக்கினீர்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்பது இன்று அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

சிறுநீர்க் குழாய் விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். தம்பியே எழுதச் சொன்னான். தண்டுவடம் அடிபட்டவர்களை முன்பெல்லாம் பெரும்பாலும் கொன்றது அந்த அடி இல்லை, தேங்கிய சிறுநீரால் கெட்டுப்போன சிறுநீரகம்தான் என்று ஒரு ஆண் செவிலியர் அவனிடம் நேராகச் சொன்னார். கை கழுவுவதிலிருந்து தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாய் போட்டு எடுத்துக்கொள்ளும்வரை பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அது எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மீசை மழிக்கக் கற்றுக்கொடுக்கும் அண்ணனைப் போல அவர் அதைச் செய்தார். தம்பிக்கு இன்றுவரை சிறுநீரகத்தில் தொந்தரவு எதுவும் வரவில்லை.

உங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சேவை மனப்பான்மை, தாயன்பு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அன்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அம்மா அவன் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை, ஆனாலும் புண் வந்தது. எத்தனை மணிக்குப் புரட்ட வேண்டும், எந்த எலும்பு மேடு முதலில் புண்ணாகும், தோல் சிவந்தால் எவ்வளவு நேரத்தில் அந்தச் சிவப்பு மறைய வேண்டும் என்பதெல்லாம் படிப்பு. வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, மூத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற அறிவு. அந்த அறிவுக்குத்தான் நான் நன்றி சொல்கிறேன். அன்பு அதற்குள்ளேயே இருந்தது.

ஓ.டி. பயிற்சியில் இருந்த பெண்ணுக்கு இப்போது. நீ தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பது. விழுந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. தென்னை ஏறுகிறவன் என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ விடவில்லை. வீட்டில் வேறு என்ன தொழில் நடக்கிறது என்று என்னைக் கேட்டாய். ஆரணியில் வேறென்ன, தறிதான். ஆனால் தறிக்கு மிதி மிதிக்கக் கால் வேண்டும். “கையால் செய்கிற வேலை என்னென்ன இருக்கிறது?” என்றாய். பாட்டி உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றும் இராட்டையைப் பற்றிச் சொன்னேன். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சுற்ற அது எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று உன் ஆசிரியையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாய். எங்கள் வீட்டு வாசற்படியின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம், கட்டிலின் உயரம் எல்லாவற்றையும் அளந்துவரச் சொன்னாய். கட்டிலும் நாற்காலியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இடையில் பலகை போட்டு அவன் தானே நகர முடியும் என்பதற்காகக் கட்டில் காலை அறுக்கச் சொன்னாய். அப்பா முதலில் முறைத்தார், பிறகு ஆசாரியைக் கூட்டிவந்து அவரே நின்று அறுக்கவைத்தார். தம்பி இன்று மூன்று தறிக்காரர் வீடுகளுக்குத் தார் சுற்றிக்கொடுக்கிறான். கூலி பெரிதில்லை. ஆனால் தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்தது அவன் காசில்.

பிசியோ தம்பிகளே, நீங்கள் அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மரம் ஏறின கை, இதுதான் இனி உங்களைத் தூக்கப் போகிறது” என்றீர்கள். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்று நினைத்தேன். பாய் மேல் புரள்வதிலிருந்து, இணைகம்பிகளுக்கு நடுவே நிற்பதுவரை அந்தக் கையை வைத்தே எல்லாவற்றையும் நடத்திக்காட்டிவிட்டீர்கள். முதல் தடவை நிமிர்த்தியபோது இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டிவிட்டது. அதற்காகத்தான் பலகையில் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து நிமிர்த்துகிறோம் என்று பயந்துபோன எங்களிடம் விளக்கினீர்கள். காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் செய்த பட்டறைக்காரர்களின் கவனத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். உணர்வில்லாத காலில் ஒரு திருகாணி உரசினாலும் தெரியாது. அதனால் அணிந்து கழற்றிய ஒவ்வொரு தடவையும் தோலில் சிவப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, விழுந்த இடத்துக்கு நேராகக் காலிப்பரை அராவித் திரும்பப் பொருத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். பக்கத்திலேயே ஆசிரியர் நின்று, அராவிய இடத்தைத் தானும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் போட விட்டார்.

இத்தனை தொழில்களும் ஒரே கூரையின் கீழ் எப்படி வந்தன என்று அங்கே இருந்த நாள்களில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ராணிப்பேட்டையில் பிறந்த, இந்தக் கல்லூரியை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1909-இலேயே செவிலியர் பள்ளியை ஆரம்பித்துவிட்டார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. டாக்டருக்குப் படிப்பு வரும் முன்பே செவிலியருக்குப் படிப்பு வந்துவிட்டது என்பதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 1946-இல் செவிலியர் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியத்துக்குப் பி.எஸ்சி. பட்டம் தொடங்கிய ஆண்டே அதுதான்.

அதே 1946-இல் கொல்லிமலையில் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு பிணைக்கும் நாணை மாற்றிக் கட்டி நிமிர்த்தினார். நாணை மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது, அந்த விரலுக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும், அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும். அதனால் நோயாளிகள் தச்சு வேலை முதலியவற்றைப் பழகும் நவஜீவ நிலையத்தை உண்டாக்கினார்.

அந்த வரிசையில் வந்தவர்தான் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து இங்கே படித்த இளம் மருத்துவர். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, என் தம்பியைப் போலவே இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தம்பி அவருடைய கதையைக் கேட்ட அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. மறுநாள் காலையில் பாய்ப் பயிற்சிக்கு நாங்கள் கூப்பிடும் முன்பே தயாராக இருந்தான். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அசையாதவனை, ஏற்கெனவே இந்த வழியில் போனவர் ஒருவர் இந்த இடத்தைக் கட்டியிருக்கிறார் என்ற செய்தி அசைத்தது.

இப்போது இந்தப் படிப்புகளெல்லாம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கின்றன. 2022-இல் ராணிப்பேட்டையிலும் பெரிய வளாகம் திறந்திருக்கிறார்கள். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று பிசியோ, ஓ.டி., ஆய்வகம், எக்ஸ்ரே என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை முறைப்படி பதிவு செய்ய வழி செய்திருக்கிறது. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம். வெறும் பலகை மாட்டிக்கொண்டு கை காலை இழுத்துவிடுகிறவரிடமும், நாலரை வருடம் படித்து வந்தவரிடமும் ஒரே கட்டணம் கொடுத்து ஏமாறும் கிராமத்து ஜனங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரசாங்கத்துக்கும் ஒரு நன்றி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பிசியோதெரபிஸ்ட் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தம்பியின் கால் மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஓ.டி. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னமும் நாங்கள் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வேண்டும் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரத்தம் எடுத்த ஆய்வகத் தம்பிகளுக்கும், எக்ஸ்ரே மேசைக்கு அவனை அலுங்காமல் மாற்றியவர்களுக்கும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் எந்தக் காகிதம் எந்த அலுவலகம் என்று எழுதியே கொடுத்த சமூகப் பணியாளருக்கும், முகம் தெரியாமல் எங்கள் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தாங்கிய நன்கொடையாளர்களுக்கும், வார்டைக் கழுவித் துடைத்த அம்மாக்களுக்கும், பக்கத்துக் கட்டிலில் இருந்து தம்பியைச் சீட்டாட இழுத்த ஒடிசாக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். தம்பி இராட்டை சுற்றுவதைத் தினமும் பார்த்துவிட்டு, அந்த உயரத்தைக் கணக்குப் போட்டது யார், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். அவள் வீட்டில் நர்ஸ் படிப்பு தெரியும், டாக்டர் படிப்பு தெரியும், இந்தப் படிப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த பரிசோதனைக்குத் தம்பியைக் கூட்டிவரும்போது அவளையும் அவள் அப்பாவையும் அழைத்துவருகிறேன். பட்டறையையும் பயிற்சிக்கூடத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள். படிப்புக்கு எவ்வளவு செலவாகும், உதவித்தொகை கிடைக்குமா, வேலை எங்கே கிடைக்கும் என்று அவள் அப்பா நிறையக் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
ஆரணியிலிருந்து ஓர் அக்காள்