தோள இறக்கி ஓடு மக்கா

மக்கா, சொகமா இருக்கியா? அம்மைக்கு முட்டுவலி கொறஞ்சிருக்குன்னு எழுதியிருந்தத படிச்சதும்தான் நிம்மதி. இங்க மழை விடவே இல்ல, ரப்பர் பால்வெட்டு நின்னு கெடக்கு, நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கும் பிள்ளைய வாறது கொறவுதான்.

ஹாஃப் மாரத்தான்ல 15 கிலோமீட்டர் தாண்டுனா தோளும் கழுத்தும் இறுகிப் போகுதுன்னு எழுதியிருந்தல்லா, அது ஷூவால இல்ல, ஒன் கையாலதான்னு எனக்குத் தோணுது. ஓட்டம்னா எல்லாரும் கால், மூச்சுன்னு பேசுவாங்க, கைய ஒருத்தரும் கண்டுக்கிடமாட்டாங்க. வலது கால் முன்ன வரும்போது இடுப்பு இடப்பக்கமா திரும்பும்லா, அப்ப இடது கை முன்ன வந்து அத சரிக்கட்டும், இல்லன்னா நெஞ்சும் சேந்து ஆடிக்கிட்டேதான் ஓடணும். கை வீசுறதுக்கும் தெம்பு வேணும்லான்னு கேப்ப. 2014-ல கொலராடோ யூனிவர்சிட்டிக்காரங்க இத அளந்தே பாத்திருக்காங்க கேட்டியா, கைய வீசாம முதுகுக்குப் பின்னால கட்டி ஓடுனா 3 சதவீதம், நெஞ்சுல கட்டுனா 9, தலைமேல வச்சா 13 சதவீதம் சக்தி கூடுதலா செலவாகுது! வீசுறதுதான் லாபம்.

முட்டத்துலருந்து ஒரு பிள்ள 400 மீட்டர் ஓட வருது, நல்ல வேகம். ஆனா கடைசி 100 மீட்டர்ல முஷ்டி இறுகி, தோள் காது வரைக்கும் ஏறி, கை ரெண்டும் நெஞ்சுக்குக் குறுக்கால போக ஆரம்பிச்சிடும், அதோட காலும் சுருங்கிடும். நான் நேந்திரங்காய் சிப்ஸ்ல மெல்லிசா ரெண்டு எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கைக்கொண்ணா குடுத்து, ஒடையாம ஓடுன்னு சொன்னேன். மொத நாள் பாதி வளைவுலயே பொடிஞ்சிட்டு. இப்ப முழு ரவுண்டும் ஒடையாம கொண்டு வருது, தோளும் கீழதான் நிக்குது, பாக்கவே அவ்வளவு சந்தோசம் மக்கா.

செக்கோஸ்லோவாக்கியா ஓட்டக்காரர் எமில் ஜடோபெக் தலையையும் தோளையும் போட்டு ஆட்டிக்கிட்டே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல மூணு தங்கம் வாங்கினாரேன்னு நீ எழுதுனதும் சரிதான். அதனாலதான் வலி இல்லாம ஓடுறவன் ஸ்டைல நான் தொடவே மாட்டேன், அழகுக்காக கைய மாத்துறது வீண் வேல. ஆனா ஒனக்கு வலிக்குதே, அப்ப மாத்தித்தான் ஆவணும்.

முழங்கைய ஏறக்குறைய 90 டிகிரில மடக்கி பின்னால இழுக்கதுல மட்டும் கவனம் வை, முன்ன அது தானா வரும். கை நெஞ்சோட நடுக்கோட்ட தாண்டக்கூடாது, அசைவு தோள்லருந்து வரணும், முழங்கைலருந்து வெட்டி வெட்டி அடிக்கக்கூடாது. இறுகுற மாதிரி தெரிஞ்சா ரெண்டு கையையும் கீழ தொங்கவிட்டு நாலு எட்டு வச்சு ஓடிட்டு பெறவு மடக்கு. வாட்டர் பாட்டில் எப்பவும் ஒரே கைல புடிச்சு ஓடுற பழக்கம் இன்னும் இருந்தா அதையும் விட்டுரு.

முன்னாலருந்தும் சைடுலருந்தும் வீடியோ எடுத்து அனுப்பு, ஆனா தளந்துபோன கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல எடுக்கணும், ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது எடுத்தா எல்லார் கையும் ஒழுங்காத்தான் தெரியும். கிறிஸ்மஸுக்கு வாறல்லா, சங்குத்துறை பக்கம் காலைல சேந்து ஓடுவோம், அம்மையையும் கூட்டிட்டு வா.