ஊமைப்படத்தை விரட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஊமைப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் காலத்து நடிகர்கள் 'துடுக் துடுக்கென்று' நடப்பார்கள் என்று அதில் ஒரு வரி. 31 வருடம் பெங்களூரு தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தவன் நான். அவர்களும் நம்மைப் போலத்தான் நடந்தார்கள் ஐயா. ஓட்டுகிறவர்கள்தான் விரட்டுகிறார்கள்.

அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று ஆளுக்கொரு வேகம். பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. 1000 அடி ரீல் 16 ஃபிரேமில் 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். 24 என்றால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் நடை ஓட்டமாகத்தானே தெரியும்?

போன மாதம் அல்சூரில் ஒரு மன்றத்தில் 'டாடி லாங் லெக்ஸ்' போட்டார்கள். ஜீன் வெப்ஸ்டரின் 1912 நாவல். 1919இல் மார்ஷல் நீலன் படமாக்கினார். அனாதைப் பெண்ணாக மேரி பிக்ஃபோர்டு. படம் வந்தபோது அவருக்கு வயது 27, பார்த்தால் பன்னிரண்டு என்பீர்கள். முகம் காட்டாத ஒரு புண்ணியவான் அவளைக் கல்லூரியில் சேர்க்கிறார். மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், பதில் வராது. (ஆசிரியருக்குக் கடிதம் போடும் எங்களுக்கு இது பழக்கம்தான்.) நாவல் பெரும்பாலும் அந்தக் கடிதங்களே. படமோ அனாதை விடுதியிலேயே வெகுநேரம் நின்றுவிடுகிறது.

விடுதியில் போடும் உலர்ந்த பழம் வேண்டாமென்று பிள்ளைகள் கலகம் செய்தபோது எல்லாரும் சிரித்தோம். சிரிக்க வேண்டிய இடம். அப்புறம், சாகக் கிடக்கும் ஒரு குழந்தைக்காகப் பணக்காரச் சிறுமியின் பொம்மையை இவள் எடுத்துக் கொடுக்கும் இடம். அங்கேயும் சிரிப்பு! படம் ஓடிய வேகம் அப்படி. பக்கத்தில் இருந்த பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தாத்தா சிரிக்கிறாங்க? அந்தப் பாப்பா செத்துடும்ல?" என்றாள்.

இடைவேளையில் ஓட்டிய தம்பியிடம் போனேன். "டவுன்லோட் பண்ணினதே இப்படித்தான் சார்" என்றார். லேப்டாப்பில் வேகத்தை முக்காலாக்கச் சொன்னேன். பின்னணியில் சேர்த்திருந்த பாட்டு இழுக்கும் என்றார். பாட்டை நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை.

இன்னொன்று, காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் முழுக்க ஆங்கிலம். முன்வரிசைப் பாட்டிமார்களுக்குப் பேத்திதான் குனிந்து குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தாத்தா காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வாராம். இப்போது அதற்கு ஒரு நாற்காலியும் மைக்கும் போதும்.

மன்றத்து வாசகசாலை மேசையில் தங்கள் பத்திரிகையைப் பார்த்தேன். அடுத்த மாதமும் ஒரு பழைய படம் உண்டாம். வேகத்தைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். அட்டை படிக்கப் பேத்தி தயார். எனக்குக் கூலி வேண்டாம். அவள் மட்டும் ஒரு மசால் தோசை கேட்கிறாள்.

— ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர், அல்சூர், பெங்களூரு