சுளுக்கு இல்லை பாப்பா, விரிசல்

பொன்மலைப்பட்டி
ஏப்ரல் 3

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை மலைக்கோட்டைக்குப் போய்ப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். உச்சிக்கு ஏறவில்லை. அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அதனால் மாணிக்க விநாயகரோடு நிறுத்திக்கொண்டோம்.

தினம்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ பதறிவிடுகிறாய். நீ பதறினால் எனக்குப் பேச்சு வருவதில்லை. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுகிறேன். அப்படித்தான் பிப்ரவரியில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இடது கையில் சுளுக்கு என்று சொன்னேன் இல்லையா? அது சுளுக்கு இல்லை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பில் விரிசல். ஐந்து வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு நாள் பேரன் ஆத்திசூடி சொல்லி முடித்ததும் அம்மா கை தட்டினாள், நான் வலது கையால் தொடையில் தட்டினேன். "தாத்தா ஏன் கை தட்டல?" என்று கேட்டான் பார், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது கட்டைப் பிரித்தாகிவிட்டது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, மற்றபடி விரல் எல்லாம் நன்றாக மடங்குகிறது. ரப்பர் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் அமுக்குகிறேன். அம்மா மேல் கோபப்படாதே. "பாப்பாகிட்ட சொல்லிடலாங்க" என்று அவள் முதல் நாளே சொன்னாள். நான்தான் வாயை அடைத்தேன்.

நடந்தது இதுதான். தை மாதம் மாடியில் சுரை விதை ஊன்றினேன். பழைய சிமெண்ட் தொட்டி இருக்கிறதே, அதில் மூன்று. இரண்டு முளைத்து நன்றாகக் கொடி ஓடியது. சவுக்குக் கம்பு நட்டு ஏழடி உயரத்தில் பந்தல் போட ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு, ஈரத்தரையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கயிறு கட்டினேன். 38 வருஷம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் செய்யக் கூடாத வேலை அது. ஸ்டூல் கால் விரிந்து வழுக்கியது, இடது கையை ஊன்றி விழுந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், எலும்பில் தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு. எலும்பு விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்றார். அந்த நேரத்தில் எனக்கு வலியைவிட உன் முகம்தான் முன்னால் வந்தது.

ஏன் மறைத்தேன் என்றால், போன தடவை எனக்குத் தலைசுற்றல் வந்தபோது நீ சம்பளமில்லாத லீவு போட்டு ஓடி வந்தாய். பத்து நாள் என் பக்கத்திலேயே இருந்தாய். பெற்ற மனசுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது வாசலில் நின்று, "இனிமே மாடிக்குப் போகாதீங்கப்பா, சும்மா உட்கார்ந்து டிவி பாருங்க, போதும்" என்று சொன்னாய். அன்பில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அந்தச் "சும்மா" எனக்குத் தாங்கவில்லை பாப்பா. 2016-ல் ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாவைக் கேள். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். உடம்பு தானாக எழுந்துவிடும், சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். போக இடம் இருக்காது. அந்த ஆறு மாதத்துக்குத் திரும்பிப் போக எனக்குப் பயம். கீழே விழுவதைவிட அது பெரிய பயம்.

சரி, சுரைக்காய் கதையைச் சொல்கிறேன்.

கையில் கட்டோடு இருந்தபோதே பூ வர ஆரம்பித்தது. சுரைப்பூ வெள்ளையாக இருக்கும், சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போதுதான் விரியும். பூசணி, பரங்கி மாதிரி காலையில் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வெறும் ஆண் பூவாகவே வந்து உதிர்ந்தது. அப்புறம் ஒரு பெண் பூ. அடையாளம் சுலபம், பூவுக்குக் கீழே விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு இருக்கும், மேலெல்லாம் பட்டு மாதிரி ரோமம். அது நாலு நாளில் மஞ்சளாகி அழுகி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. தோட்டத்தில் என்றால் அந்திப் பூச்சி வந்து மகரந்தம் சேர்க்கும், நம் தெருவில் இரண்டாவது மாடிக்கு எந்தப் பூச்சி வரும்? நாமே சேர்த்துவிட வேண்டியதுதான்.

ஒரு கையால் அதைச் செய்ய முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் மாடி ஏறி எட்டு மாதம் ஆகிறது, உனக்குத் தெரியும். படியைப் பிடித்துப் பிடித்து, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, ஏறி வந்துவிட்டாள். அவள் போன் லைட்டைப் பிடித்தாள். நான் ஒரு ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தக் குச்சியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். மாவு மாதிரி தூள் அதில் ஒட்டியது. "போதுங்க, போதுங்க, பூ கசங்கிடப் போகுது" என்றாள் அம்மா. குழந்தைக்குச் சாந்து வைக்கிற மாதிரி அவளே விரலால் பிஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முடித்த பிறகு அவள் கீழே இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். காற்று நன்றாக இருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. உன் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் பிஞ்சு தலையைத் தொங்கப் போட்டது. அப்படிக் கவிழ்ந்தால் காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டாம் நாள் பறித்தோம், நகம் வைத்தால் உள்ளே இறங்குகிற பதம். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. பாதியைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்தோம். அதிலிருந்து அம்மா வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் மாடிக்கு வருகிறாள். டாக்டர் சொல்லியும் நடக்காதவள் இப்போது சுரைப்பூவுக்காகப் படி ஏறுகிறாள்.

நீ பயப்படாமல் இருக்க நான் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டூலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாகிவிட்டது. பந்தலை ஐந்தரை அடிக்கு இறக்கிவிட்டேன். தரையில் நின்றே எல்லாம் எட்டும், ஏற வேண்டிய வேலையே இல்லை. மாடிக்குப் போகும்போது போன் சட்டைப் பையில் இருக்கும். தனியாக ராத்திரியில் போவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை.

இன்னொன்றையும் மறைத்திருக்கிறேன். நவம்பரில் பென்ஷனுக்கான லைஃப் சர்டிஃபிகேட் "கொடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்தேன். மூன்று தடவை அலைந்தேன். கட்டைவிரலை மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல் வைத்தேன், சிவப்பு. பத்து விரலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினேன், கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அரமும் எமரி பேப்பரும் மண்ணெண்ணெயுமாகப் புழங்கிய கை, ரேகை எல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். ஆனாலும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என் கையே சாட்சி சொல்லவில்லை.

மூன்றாவது தடவை போனபோது, தன் அப்பாவோடு வந்திருந்த ஒரு பையன் என் போனிலேயே முகத்தை வைத்துச் செய்யும் வழியைக் காட்டிக்கொடுத்தான். போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும், சிமிட்டினால் பச்சை. அவ்வளவுதான். மெசேஜும் வந்துவிட்டது. அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த நவம்பரில் நானே வீட்டில் செய்துவிடுவேன். முடியாவிட்டால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுக்கிறார், 70 ரூபாய்தான். இந்தத் தெருவில் என்னை மாதிரி விரல் தேய்ந்தவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் செய்துகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி வீட்டில் பெரிய விசேஷம் இல்லை. இட்லி மாவு இப்போது என் பொறுப்பு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், அம்மா சொன்ன கணக்கு. பங்குனி வெயிலை மறந்து ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட்டேன். காலையில் மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்து கிடந்தது. இப்போது படுக்கும் முன்னால் பார்த்து ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுகிறேன். அன்றைய புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் ஊற்றினோம், அது நன்றாகவே இருந்தது.

பேரனுக்கு ஒரு சாமான் தயாராகிக்கொண்டிருக்கிறது. அவனிடம் சொல்லாதே. ஊட்டி மலை ரயில் இன்ஜின், அந்த எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின். அதைத் தகரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். முதலில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த இன்ஜின்கள் அவை. அப்புறம் நம் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டினோம். முதல் இன்ஜின் வெளியே போன அன்றைக்கு, வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நான் போட்ட போல்ட் எல்லாம் இன்றைக்கும் மலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஒன்றுக்கு இருபது கணக்கு. நிஜத் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், இதில் ஐந்து சென்டிமீட்டர். உடம்புக்குக் கடலை எண்ணெய் டின். பித்தளைத் துண்டுகள் ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் பழைய சாமான் பரப்பியிருந்தவரிடம் பொறுக்கியது. அந்த இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். கீழே இருக்கிற இரண்டும் சக்கரத்தை ஓட்டும். மேலே இருக்கிற இரண்டும் நடுவில் உள்ள பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தை ஓட்டும். கீழ் சிலிண்டரில் வேலை பார்த்து வெளியே வரும் ஆவியே மேல் சிலிண்டருக்குப் போகும். நான் மேலே இருக்க வேண்டியதைக் கீழேயும் கீழே இருக்க வேண்டியதை மேலேயும் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். நாலும் ஒரே அளவு என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் குழாய் வழி உறைத்தது. எழுந்து போய்ப் பார்த்தேன், தப்புதான். மறுநாள் ஈயத்தை உருக்கி எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து செய்தேன். இந்த வயதில் ஒரு தப்பை நாமே கண்டுபிடித்து நாமே சரிசெய்கிற திருப்தி இருக்கிறதே, அதை உனக்கு எப்படிச் சொல்வது! இடது கை கட்டோடு இருந்த நாளில்கூட, அம்மா தகரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள நான் அரம் போட்டேன்.

ஜூன் லீவுக்கு வருவதாகச் சொன்னாய். எல்லோரும் அந்த மலை ரயிலில் போவோம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு வண்டி. கல்லாறு தாண்டியதும் பல்தண்டவாளம் ஆரம்பிக்கும், குன்னூர் வரை அதுதான், இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். பேரனை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். 60 நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் திறப்பார்கள், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதனால் எந்தத் தேதி என்று இந்த வாரமே சொல். அம்மாவுக்கும் சேர்த்து ஐந்து டிக்கெட். குன்னூரில் நடக்க வேண்டியிருக்குமே என்று கேட்டேன். "அதுக்குத்தானே படி ஏறிப் பழகுறேன்" என்கிறாள்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் உடனே போன் செய்வாய். செய். திட்டுவதென்றால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இனி விழுந்தால் விழுந்தேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன். நீ மட்டும் சும்மா உட்காரச் சொல்லாதே.

கொடியில் இன்னும் இரண்டு பிஞ்சு கவிழ்ந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா