கருப்புக்குக் கட்டம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலந்தோறும் பெண்ணழகு எப்படி மாறியது என்று சென்ற வாரம் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கிரேக்கச் சிலைக்கும் ஐரோப்பிய ஓவியத்துக்கும் மூன்று பக்கம். நமக்கு ஒரே வரி: தமிழர்கள் ஆதிகாலம் தொட்டே சிவந்த நிறத்தைத்தான் அழகென்று போற்றினார்களாம். கிடைத்தது ஒரு வரி, அதுவும் தப்பு.

தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்துபோனால் தலைவி எதை இழக்கிறாள்? மாமையை. மாந்தளிரின் மினுமினுப்போடு இருக்கும் கருத்த நிறம் அது. அது போய், அந்த இடத்தில் பசலை வருகிறது. அதாவது உடம்பு வெளிறிப்போகிறது. கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைப்போல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று குறுந்தொகையில் புலம்புகிறார் வெள்ளிவீதியார். வள்ளுவர் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அழகுக்குறிப்பாக அல்ல, நோயாக. வெளுப்பதை 1975-ல் ட்யூபில் அடைத்து ஃபேர் அண்ட் லவ்லி என்று விற்க ஆரம்பித்தார்கள். 2020-ல் ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ என்று போட்டுக்கொண்டார்கள். வள்ளுவருக்கு இந்த யோசனை தோன்றவில்லை, பாவம்.

பொன்மேனியைப் பாடிய புலவரே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 'ஆதிகாலம் தொட்டே'தான் உறுத்துகிறது. மேனியில் படரும் புள்ளியைக்கூட வேங்கைப்பூ உதிர்ந்தாற்போலச் சுணங்கு என்று கொண்டாடிய பாட்டுகள் எத்தனை! தங்கள் அழகுக்குறிப்புப் பக்கத்திலோ வாரம் தவறாமல் கரும்புள்ளி மறைய உருளைக்கிழங்குச் சாறு.

நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவள். 1978-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்காக எடுத்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின்மேல் பென்சிலால் முகத்தைத் தேய்த்து டச்சப் செய்திருந்தார். பிரிண்டில் முகம் பளிச்சென்று விழுந்தது. கழுத்தை மறந்துவிட்டார். பிள்ளையின் அம்மா அந்தப் போட்டோவைக் கையிலேயே கொண்டுவந்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "மாநிறம்னுதானே தரகர் சொன்னாரு" என்றார். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். மாமையில் இருக்கும் மாவும் மாநிறத்தில் இருக்கும் மாவும் ஒன்றுதான் அம்மா என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

போன தை மாதம் பேத்தி கல்யாணம். மேக்கப் போட வந்த பெண் யாரையும் கேட்காமல் இரண்டு ஷேடு ஏற்றிவிட்டாள். தாலி கட்டும் படத்தில் முகம் ஒரு நிறம், கூப்பிய கை ஒரு நிறம். எனக்கு அந்த ஸ்டூடியோக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அவராவது பென்சிலோடு விட்டார்.

அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேத்திக்கு வரன் விளம்பரம் கொடுக்கத் தங்கள் பத்திரிகையின் படிவத்தைத்தான் வாங்கினோம். 'நிறம்' என்று போட்டு, சிவப்பு, மாநிறம் என இரண்டே கட்டம். கருப்பாகப் பிறந்த பெண்களுக்கு டிக் அடிக்க இடமில்லை. முதல் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு தடவை சமத்துவம் பற்றித் தலையங்கம் எழுதும் பத்திரிகை இது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். கட்டுரைக்கு அடுத்த வாரம் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் போதாதென்றால் உருளைக்கிழங்குச் சாற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மன்னார்குடி