மெகாவாட் கணக்கு போதும், புகைக் கணக்கையும் சொல்லுங்கள்

காலநிலை மாநாடுகளில் கையெழுத்திடும் எரிசக்தி, நிதி அமைச்சர்களுக்கு,

வணக்கம். 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்குவோம் என்று 2023 டிசம்பரில் துபாயில் ஒப்புக்கொண்டது உங்களுக்கு மறந்திருக்காது. அப்புறம் வந்த அறிக்கைகளில் எல்லாம் நிறுவிய மெகாவாட்டும் வளர்ச்சி சதவீதமும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. புகை மட்டும் அடிக்குறிப்பில். 2024இல் உலகில் எரிசக்தியால் வெளியான கரியமில வாயு ஏறத்தாழ 3,780 கோடி டன். அதுவரை இல்லாத உச்சம். சூரிய மின்சாரம் சாதனை படைத்ததும் அதே ஆண்டில்தான்.

காற்றாலைப் பண்ணை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். காற்று நன்றாக வீசும் நேரமாகப் பார்த்துத்தான் மின்தொகுப்பை (மின்கம்பி வலையமைப்பை) இயக்குபவர்களிடமிருந்து தொலைபேசி வரும்: "உற்பத்தியைக் குறையுங்கள், கம்பியில் இடமில்லை." காற்றுப் பிடிக்காதபடி இறக்கைகளைத் திருப்பி நிறுத்துவோம். அதே நேரம் அனல் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும். கொதிகலனை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. அணைத்தால் மறுபடி சூடேற்றப் பல மணி நேரமாகும். சரி, அது அதன் இயல்பு. ஆனால் நாங்கள் நிறுத்திவைத்த காற்றாலை உங்கள் அறிக்கையில் முழு மெகாவாட்டாக நிற்கிறதே! இறக்கை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அந்த எண் அசைவதில்லை.

ஆகவே கேட்கிறேன்: மெகாவாட்டுக்குப் பக்கத்திலேயே எரித்த நிலக்கரியையும் போடுங்கள்.

பொருளாதாரம் வளர்ந்தால் மின்தேவையும் ஏறும். புதிய மின்சாரம் அந்த ஏற்றத்தை மட்டும் நிரப்பினால் பழைய நிலக்கரி பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். வளர்ந்துகொண்டே உமிழ்வைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். பிரிட்டன் 1990இல் இருந்த உமிழ்வைப் பாதியாக்கியது, பொருளாதாரம் சுருங்கிவிடவில்லை. (இறக்குமதிப் பொருளின் புகை வேறு நாட்டுக் கணக்கில் ஏறுவது தனிக் கதை.) அங்கே காற்றாலைகளை நட்டதோடு விடவில்லை, 2024 செப்டம்பரில் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடினார்கள்.

நீங்களோ "ஒரு டாலர் உற்பத்திக்கான உமிழ்வு குறைந்தது" என்கிறீர்கள். பொருளாதாரம் புகையைவிட வேகமாக வளர்ந்தால், மொத்தப் புகை ஏறும்போதும் அந்த எண் இறங்கும். அருமையான ஏற்பாடு! காற்றுக்குத்தான் டாலர் கணக்கு தெரியாது. இதற்கும் ஒரு பாராட்டு விழா வைத்தாலும் வைப்பீர்கள்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன். நிறுவிய திறன், மின்தொகுப்புக்கு உண்மையில் வந்த மின்சாரம், நிறுத்தச் சொன்ன மின்சாரம், எரித்த நிலக்கரி: நான்கையும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில் வெளியிடுங்கள். நிறுத்தச் சொல்பவர்களிடமே அந்தக் கணக்கு இருக்கிறது. கேட்டு வாங்கினால் போதும். அடுத்த அறிக்கையிலேயே தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காற்றாலைப் பணியாளர்