ஊதுகுழல் பிடித்த கைகளையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

பினாங்கில் தற்காப்புத் துறைக்கும் விமானத் துறைக்கும் பாகங்கள் செய்யும் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு, லிட்டில் இந்தியாவில் என் தாய்மாமாவின் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவன் நான். பன்னிரண்டு வருடம் 916 தங்கத்தோடு போனது. இன்று ரேடார் பாகங்களுக்கு முன்மாதிரி செய்யும் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். இடையில் மாலை நேரப் படிப்பு. தூக்கம் கெட்டது, அவ்வளவுதான்.

முதல் நேர்காணலில் என் விண்ணப்பத்தில் 'துக்காங் எமாஸ்' (மலாயில் பொற்கொல்லர்) என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "இங்கே சங்கிலி செய்வதில்லை, தம்பி" என்று சிரித்து அனுப்பினார்கள். எந்த நிறுவனம் என்பது இப்போது முக்கியமில்லை.

ஒரு ஜிமிக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குடை, வளையம், கொக்கி, சுற்றிலும் குண்டுமணி. எல்லாவற்றையும் ஒரே பொடி (துண்டுகளை ஒட்டவைக்க உருக்கும் பற்று உலோகம்) வைத்து ஊதினால், கடைசி மணி ஒட்டும்போது முதலில் ஒட்டிய வளையம் கழன்று விழும். அதனால் முதல் பற்றுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்ததற்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகுவது. ரேடார் அலைகளை உருவாக்கும் நுண்ணலைக் குழாயில் பீங்கானையும் உலோகத்தையும் இணைப்பதும் இதே கணக்குத்தான். 82 விழுக்காடு தங்கமும் 18 விழுக்காடு நிக்கலும் கலந்த பற்று ஏறக்குறைய 950 டிகிரியில் உருகும். அதற்குப் பின் வருவது 780 டிகிரியில் உருகும் வெள்ளி-செம்புக் கலவை. பாடத்தில் இதைப் படித்தபோது மாமாவின் திட்டுத்தான் காதில் கேட்டது.

ஜெட் என்ஜினின் டர்பைன் தகடுகளுக்கும் மெழுகில் உருச் செய்து, அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றித்தான் வார்க்கிறார்கள். மோதிரம் வார்ப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டறைப் பழக்கம் எல்லாமே இங்கே செல்லாது. பற்று நன்றாக ஓடுவதற்கு வெண்காரம் தடவாமல் எங்களுக்குக் கை ஓடாது. வெற்றிட உலையிலோ அதன் மிச்சம் ஒட்டினாலே குழாய் கெட்டுவிடும். மாமா தங்கத்தின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார், எதையும் எழுதி வைக்க மாட்டார். இங்கே எழுதாத வேலை செய்யாத வேலை. எனக்கு இதுதான் சிரமமாக இருந்தது, கணக்குப் பாடம்கூட இல்லை.

அதனால் நான் கேட்பது சலுகை இல்லை. நேர்காணலில் இரண்டு செம்புத் துண்டு, கொஞ்சம் வெள்ளிப் பொடி, ஒரு ஊதுகுழல் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். பற்று ஓடியிருக்கும் விதத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். தேறினால், அனுபவத்துக்குச் சான்று காட்டி எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) பெறும் பிபிடி (முன் அனுபவ அங்கீகாரம்) வழி இருக்கவே இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க நீங்கள் கைகொடுங்கள். எழுதி வைக்கும் பழக்கத்தை நானே வந்து சொல்லித் தருகிறேன், சனிக்கிழமைகளில்.

மாமா பட்டறையில் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களிலும் 'துக்காங் எமாஸ்' என்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
பினாங்கு வீதியில் தொழில் கற்ற ஒருவன்