விளை தந்த மாமிக்கும் சாளை மீன் தந்த அம்மாவுக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

தை மாதம் நம் விளையில் (தோட்டத்தில்) மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி முடித்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. உங்களில் பலரிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் செய்தது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுதி வைக்காமல் மனசு அடங்கவில்லை.

முதலில் மாமிக்கு. பழைய ரப்பர் மரங்களை வெட்டி விற்றபின் சும்மா கிடந்த 10 சென்ட் விளையை, பாட்டம் (குத்தகை) ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் எங்களிடம் விட்டீர்கள். "பிள்ளைகள் மண்ணில கைவைக்கட்டும் மக்கா" என்று மட்டும் சொன்னீர்கள்.

குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கம் இதேபோல ஒரு விளையில்தான் நான் வளர்ந்தேன். அந்தியில் யாராவது வந்து வாசலில் தயங்கி நின்றால் பாட்டி காரணம் கேட்க மாட்டாள். மம்பட்டியை எடுத்துக்கொண்டு விளைக்கு இறங்குவாள். மரச்சீனிச் செடியின் அடியைச் சுற்றி மண் எங்கே வெடித்திருக்கிறது என்று வெறுங்காலால் தடவிப் பார்ப்பாள். வெடித்த பக்கம் கிழங்கு பருத்திருக்கும். அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் விலக்கி, ஒன்றிரண்டு கிழங்கை முறித்தெடுத்து, மறுபடி மண்ணைத் தள்ளி மிதித்துவிடுவாள். மூடு (செடி) அசையாது, மிச்சக் கிழங்கு வளர்ந்துகொண்டே இருக்கும். முறித்த இடத்தில் பால் கசியும். ஈரமண் ஒட்டிய அந்தக் கிழங்கை அப்படியே வந்தவர் முந்தியில் போட்டுவிடுவாள். நான் பார்த்தவரை கணக்கு எழுதியதில்லை.

மரச்சீனி மண்ணுக்குள் இருக்கும்வரை மாசக்கணக்கில் கெடாமல் நிற்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு விழும். மொத்தமாகப் பிடுங்கினவன் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பிடுங்கிப் பூட்டி வைக்க முடியாத சாப்பாடு அது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா, நம் பக்கமும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது இந்தப் பக்கத்து அடுப்புகள் எரிந்தது கிழங்கால்தான் என்று பாட்டா (தாத்தா) அடிக்கடி சொல்வார்.

அப்புறம் வேலைக்காகச் சென்னை போனேன். அங்கே ஓரிடத்தில் மதியம் மீந்த நல்ல சோற்றைத் தினமும் கொட்டினார்கள். வாயிற்காவலர் ஒருநாள் ஒரு பொட்டலம் கேட்டார். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டவர் நிற்கும்போதே கொட்டுவது எங்கள் வீட்டில் நான் பார்க்காத காரியம்.

அதற்காக, ஆளாளுக்கு வீட்டுத்தோட்டம் போட்டால் பசி தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மண் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். பாட்டி காலத்தில் கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்த அம்மாவுக்கு ஒரு மூடு நட இடம் கிடையாது. கையில் காசில்லாத நாளில் பாட்டி கிழங்கைக் கொடுப்பாள், அவர் சாளை கொடுப்பார். இரண்டு வீட்டிலும் ராத்திரி கிழங்கும் மீன்கறியும். என் வகுப்பில் பாதிப்பேர் மதியம் சாப்பிட்டது 1982இல் வந்த சத்துணவால்தான். அதனால் ரேஷன் கடையில் பொறுமையாக அளந்து போடுகிற அண்ணனுக்கும், சத்துணவு சமைக்கிற அக்காக்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

என் பள்ளிக்காலத்திலேயே கிழங்கு நின்ற விளைகளில் ரப்பர் ஏறிவிட்டது. ரப்பர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ பிள்ளைகளைப் படிக்கவைத்த பணம் அது. ஆனால் வாசலில் வந்து நிற்பவருக்கு முறித்துக் கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. மாமியின் விளையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது இதனால்தான்.

திருவட்டாறு பக்கமிருந்து நடுவதற்கான மரச்சீனிக் கம்புகளை ஆட்டோவில் ஏற்றிவந்த அண்ணன்மார்களே, டீசல் காசுகூட வாங்கவில்லை நீங்கள். சித்திரை மழைக்கு நட்டோம், 400 மூடுகளுக்கு மேல் பிடித்தன. பள்ளிவிட்டு வந்து களை பறித்த பிள்ளைகளே, பெருச்சாளி தோண்டிய குழிகளைக் கண்டு அழுத சின்னவளே, உங்களுக்கு என் அன்பு. பாட்டி செய்ததுபோலவே பக்கவாட்டில் தோண்டி எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மேலத்தெரு ஆச்சி, உங்கள் கையைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பிடுங்கிய அன்று மூன்று அண்டாவில் கிழங்கு வெந்தது. கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காயும் சீரகமும் பூண்டும் பச்சைமிளகாயும் மஞ்சளும் சதைத்துப் போட்டு அக்காக்கள் கிண்டினார்கள். குளச்சலிலிருந்து ஒரு கூடை சாளையோடு வந்த அம்மா, பணத்தைத் தள்ளிவிட்டு, "கிழங்கு தா, போதும்" என்றார். நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாது அம்மா. அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது பாட்டி இருந்தபோது.

அடுத்த நடவுக்கான கம்புகளை மாமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். நமக்கு வேண்டியது போக நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் காயும் முன்னே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் பூட்டு இல்லை.